மாடியில் ஏரியல், சாவி உங்கள் இடுப்பில்!

"அம்மா, நம் மொட்டை மாடியில் ஒரு ஏரியல் கட்டப் போகிறேன்!" என்று உங்கள் பிள்ளையோ பெண்ணோ ஒரு நாள் வந்து நிற்கக்கூடும். பாட்டுக் கேட்பதற்கான ஏரியல் அல்ல. உலகத்தோடு பேசுவதற்கான ஏரியல். 'ஹாம்' என்று அழைக்கப்படும் அமெச்சூர் வானொலிக்காரர்களைப் பற்றித்தான் சொல்லுகிறேன். பரீட்சை எழுதித் தேறி, மத்திய அரசின் உரிமம் பெற்று, வீட்டிலேயே ஒரு சின்ன ஒலிபரப்பு நிலையம் வைத்துக்கொள்கிறவர்கள் அவர்கள்.

நீங்கள் உடனே என்ன கேட்பீர்கள்? "அந்த அலைகள் உடம்புக்கு ஆகாதாமே?" என்றுதானே?

கேளுங்கள், தப்பில்லை. ஆனால் அதைக் கடைசிக் கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் கேட்க வேண்டியவை பல இருக்கின்றன. வீட்டில் வானொலி நிலையம் வைப்பவருக்குப் பெரிய அபாயம் கண்ணுக்குத் தெரியாத அலையிலிருந்து வருவதில்லை. கண்ணெதிரே தொங்கும் மின்கம்பியிலிருந்தும், சாய்த்து வைத்த ஏணியிலிருந்தும், இடியிலிருந்தும், "அணைத்துவிட்டேனே!" என்று நினைத்துத் தொட்ட பெட்டியிலிருந்தும்தான் வருகிறது. இந்த நான்கையும் வீட்டில் இருக்கும் நீங்களே தடுக்க முடியும். அதற்கு வானொலி சாஸ்திரம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

வேண்டாம் என்று சொல்லலாமா?

"எதற்கு இந்த வம்பெல்லாம்? வேண்டாம் என்று சொல்லிவிட்டால் போகிறது!" என்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

சென்னைக்கு வானொலி வந்ததே இப்படிப்பட்ட ஆர்வக்காரர்களால்தான். சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று நடத்திய மதராஸ் மாகாண ரேடியோ கிளப் 1924-ஆம் ஆண்டிலேயே ஒலிபரப்பத் தொடங்கிவிட்டது. அகில இந்திய வானொலி இங்கே நிலையம் திறந்தது 1938 ஜூன் மாதத்தில். அதாவது, சர்க்கார் வானொலிக்குப் பல வருஷங்கள் முந்தியது அமெச்சூர்களின் வானொலி!

இன்னொன்றையும் கேளுங்கள். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற பெண்மணி தம் குழுவினருடன் அந்தமானுக்குப் போயிருந்தார். அங்கிருந்து பல வருஷங்களாக அமெச்சூர் வானொலி எதுவும் பேசியதில்லை. போர்ட் பிளேரில் ஏரியல் கட்டி உலகத்து ஹாம்களோடு பேசிக்கொண்டிருந்தார்கள். 26-ஆம் தேதி காலையில் பூமி அதிர்ந்தது, ஆழிப்பேரலை வந்தது, டெலிபோன்கள் ஓய்ந்து போயின. தீவில் உறவினரைப் பற்றிச் செய்தி தெரியாமல் தவித்தவர்களுக்கு அந்த ஏரியலே நாவாக நின்றது.

ஆகவே தடுக்க வேண்டியது ஆசையை அல்ல, அஜாக்கிரதையைத்தான்.

முதல் கேள்வி: கம்பி எங்கே இருக்கிறது?

மாடிக்குப் போய் நாலு திசையும் பாருங்கள். தெருவில் மின்வாரியக் கம்பி எந்தப் பக்கம் போகிறது? வீட்டுக்குள் வரும் மின்சாரம் 230 வோல்ட். தெருக் கம்பங்களில் 11,000 வோல்ட், 22,000 வோல்ட் செல்லும் கம்பிகளும் உண்டு. பெரும்பாலானவற்றுக்கு மேலுறை கிடையாது. அவ்வளவு அழுத்தமுள்ள மின்சாரம், தொட்டால்தான் பாயும் என்பதில்லை. அருகே போனாலே தாவிப் பாயக்கூடும். உலர்ந்த மூங்கில்கூட அதற்குத் தடை அல்ல.

ஏரியல் கம்பத்துக்கு ஒரு கணக்கு உண்டு. கம்பத்தின் உயரத்தைப்போல் குறைந்தது ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் எந்த மின்கம்பியும் இருக்கக்கூடாது. 20 அடிக் கம்பம் என்றால் 30 அடிக்கு அப்பால். எந்தப் பக்கம் சாய்ந்து விழுந்தாலும் மின்கம்பியைத் தொடக்கூடாது என்பதே இதன் கருத்து. "எங்கள் தெருவில் எதிர்வீட்டு ஜன்னலே பதினைந்தடியில் இருக்கிறதே!" என்று மயிலாப்பூர், திருவல்லிக்கேணிவாசிகள் கேட்பார்கள். அப்படியானால் அங்கே உயரமான கம்பம் வேண்டாம். வீட்டின் பின்புறத்தில் தாழ்வாகக் கட்டும் கம்பி ஏரியல், பால்கனிக்குள் அடங்கும் சிறிய ஏரியல் என்று எத்தனையோ வகைகள் இருக்கின்றன. தூரம் கொஞ்சம் குறைவாகப் பேசினால் குடி முழுகிப் போகாது.

ஏரியல் கம்பியை மின்கம்பிக்கு மேலாகவோ கீழாகவோ கொண்டுபோகக் கூடாது. மின்வாரியக் கம்பத்தில் கட்டவே கூடாது. கல்லில் நூலைக் கட்டி மரத்துக்கு மேலே எறிந்து ஏரியல் ஏற்றுகிறவர்கள் உண்டு. அந்தக் கல் எங்கே போய் விழும் என்று முன்னாலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

நிமிர்த்தும்போது கம்பம் கைநழுவிச் சாய்ந்தால் என்ன செய்வோம்? ஓடிப் போய்ப் பிடிப்போம். அது மனித சுபாவம். ஆனால் மின்கம்பி இருக்கும் பக்கம் சாய்கிறது என்றால் பிடிக்கவே கூடாது. கையை விட்டுவிட்டு விலகி நிற்க வேண்டும். கம்பம் போனால் இன்னொரு கம்பம் வாங்கலாம். இதை வேலை தொடங்கு முன்பே எல்லாருக்கும் இரைந்து சொல்லிவிடுங்கள். அந்த நிமிஷத்தில் யோசிக்க நேரம் இராது.

இரண்டாவது கேள்வி: கீழே யார் நிற்பது?

ஏணி ஏறுகிறவர் ஒருவர் என்றால், கீழே கட்டாயம் இன்னொருவர் வேண்டும். தனியாக யாரும் ஏறக்கூடாது. அலுமினிய ஏணி இலேசானதுதான். ஆனால் மின்சாரத்துக்கு நல்ல நண்பன். மின்கம்பி அருகில் இருக்கும் இடத்துக்கு அது ஆகாது.

ஏணியைச் சாய்ப்பதற்கும் ஓர் அளவு இருக்கிறது. நாலடி உயரத்துக்கு ஓரடி வீதம் அடிப்பக்கம் தள்ளி இருக்க வேண்டும். பன்னிரண்டடியில் மேல்முனை சாய்கிறது என்றால், அடிமுனை சுவரிலிருந்து மூன்றடி தள்ளி நிற்கும். மழைக்காலத்துப் பாசி பிடித்த தளத்திலும், கைப்பிடிச் சுவரின் மேலும் ஏணியை நிறுத்தக்கூடாது.

கம்பத்தில் ஏறுகிறவருக்குத் தோள், இடுப்பு, தொடை மூன்றையும் பிணைக்கும் பாதுகாப்புப் பட்டை வேண்டும். இடுப்பில் ஒரு கயிற்றைச் சுற்றிக்கொள்வது பாதுகாப்பு ஆகாது. ஸ்பானர், திருப்புளி எல்லாம் கயிற்றில் கட்டி மேலே போகட்டும். ஆள் மேலே இருக்கும்போது நேர் கீழே யாரும் நிற்க வேண்டாம். குழந்தைகளை மாடிப் பக்கமே விடவேண்டாம்.

கம்பம் நின்ற பிறகு, அதை இழுத்துக் கட்டிய ஸ்டே கம்பிகளில் கண்மட்டத்துக்குச் சிவப்புத் துணியோ மஞ்சள் குழாயோ சுற்றிவிடுங்கள். அந்தி நேரத்தில் துணி எடுக்க வருகிறவரின் கழுத்தையோ, காற்றாடிக்குப் பின்னால் ஓடும் பையனின் முகத்தையோ அந்தக் கம்பி பதம் பார்க்காமல் இருக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, துருவும் தளர்வும் பார்த்து முறுக்கிவிடச் சொல்லுங்கள்.

மூன்றாவது கேள்வி: இடி வந்தால்?

1752-இல் பெஞ்சமின் பிராங்க்ளின் காற்றாடி விட்டு மின்னலைச் சோதித்த கதையைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். மறு வருஷம் நடந்ததைப் புத்தகங்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை. 1753-இல் ரஷ்யாவின் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் ரிச்மன் என்ற விஞ்ஞானி தம் வீட்டுக் கூரையிலிருந்து அறைக்குள் கம்பி இழுத்து, இடிமேகத்தின் மின்சாரத்தை அளக்க முயன்றார். மின்னல் அந்தக் கம்பி வழியே வந்து அவரைக் கொன்றுவிட்டது.

கூரையிலிருந்து அறைக்குள் வரும் கம்பி! ஏரியலும் அதுதானே?

நம் ஊரில் சித்திரை, வைகாசிக் கோடை மழையிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் இடி அதிகம். மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். ஒலி ஒரு கிலோமீட்டர் வருவதற்குச் சுமார் 3 விநாடி ஆகும். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால், அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று அர்த்தம். அதன் பிறகு யாரும் ஏரியலையோ அதன் கேபிளையோ தொடக்கூடாது, மாடியிலும் நிற்கக்கூடாது. கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் ஆன பிறகே போகலாம்.

"கேபிளைக் கழற்றிவிட வேண்டாமா?" என்றால், வேண்டும்தான். ஆனால் இடி வந்த பிறகு அல்ல. வானம் கறுக்கும்போதே கழற்ற வேண்டும். உபயோகிக்காத நேரமெல்லாம் கழற்றி வைப்பது இன்னும் உத்தமம். கழற்றிய முனையைச் சோபாவின் மேல் போட்டுவைக்காமல், வீட்டுக்கு வெளியிலேயே விட்டுவிட ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்.

கம்பத்துக்குத் தனியாக எர்த் வேண்டும். கனமான கம்பி, கூடியவரை வளைவில்லாமல் நேரே மண்ணுக்குள் போகவேண்டும். அந்த எர்த்தை வீட்டு எர்த்துடனும் இணைத்துவிட வேண்டும். தனித்தனியே விட்டுவைத்தால், இடி விழும் கணத்தில் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே பெரிய மின் அழுத்தம் ஏற்பட்டு, நடுவில் இருக்கும் கருவி வழியாகவும் ஆள் வழியாகவும் பாயப் பார்க்கும். சமையல் எரிவாயுக் குழாயில் எர்த் கொடுப்பது கொள்ளிக்கட்டையால் தலை சொறிவதற்குச் சமானம். உப்பும் கரியும் போட்ட எர்த் குழிக்குக் கோடையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது மட்டும் உங்கள் பொறுப்பு.

இன்னொரு விஷயம். வீட்டு எர்த்தும் இடிதாங்கியும் நேரான இடியைத் தடுத்து நிறுத்திவிடும் என்று நினைக்காதீர்கள். அபாயத்தைக் குறைக்கும்; அவ்வளவுதான்.

நான்காவது கேள்வி: அணைத்தாயிற்றா? உண்மையாகவா?

வீட்டில் மின்விசிறி சுற்றாவிட்டால், "கண்டென்சர் போய்விட்டது அம்மா!" என்று எலக்ட்ரீஷியன் சொல்வாரல்லவா? மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பொருள் அது. வால்வு உள்ள பெரிய ஒலிபரப்புப் பெட்டிகளில் 2,000, 3,000 வோல்ட் தாங்கும் கண்டென்சர்கள் உண்டு. ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்ட பிறகும் குடத்தில் தண்ணீர் நிற்பது போல அவற்றில் மின்சாரம் நிற்கும். அதை வடிப்பதற்கென்று உள்ளே ஒரு பாகம் உண்டு. அது பழுதாகிவிட்டால் வெளியே ஓர் அடையாளமும் தெரியாது. (உங்கள் சமையலறை மைக்ரோவேவ் அடுப்புக்குள்ளும் இதே சமாசாரம்தான். தெரியாதவர்கள் அதைத் திறக்க வேண்டாம்.)

அறியாதவர்தான் அகப்பட்டுக்கொள்வார் என்று எண்ணவேண்டாம். ராஸ் ஹல் என்ற ஆஸ்திரேலியர் அமெரிக்காவில் அமெச்சூர்களின் பெரிய சங்கத்தில் பணியாற்றியவர். அவர்களுடைய 'க்யூ.எஸ்.டி.' பத்திரிகையின் ஆசிரியர் குழுவில் இருந்தவர். குறுகிய அலைகள் காற்றின் வெப்ப அடுக்குகளில் வளைந்து வெகுதூரம் போவதைக் கண்டு சொன்னவர். உலகத்துக்கே வானொலி கற்றுக்கொடுத்த அவர், 1938 செப்டம்பரில் தம் வீட்டில் டெலிவிஷன் பரிசோதனை செய்துகொண்டிருந்தபோது பல ஆயிரம் வோல்ட் தாக்கி மாண்டார்.  அதற்குப் பின்பே அந்தப் பத்திரிகை பாதுகாப்பைப் பற்றி ஓயாமல் எழுதத் தொடங்கியது. அவர் பெயரால் ஆஸ்திரேலியாவில் இன்னமும் வானொலிப் போட்டி நடக்கிறது.

ஆள் கெட்டிக்காரர் என்பது மின்சாரத்துக்குத் தெரியாது.

ஆகவே, பெட்டியைத் திறக்கு முன் பிளக்கைப் பிடுங்க வேண்டும். சற்று நேரம் பொறுக்க வேண்டும். பிறகு, நீண்ட காப்புக் கைப்பிடி உள்ள, எர்த்துடன் இணைத்த கோலால் கண்டென்சரைத் தொட்டு மிச்ச மின்சாரத்தை வடிக்க வேண்டும். மீட்டர் வைத்துப் பார்த்த பின்பே கையை விட வேண்டும். பழைய தொழிலாளிகள் ஒரு கையைச் சட்டைப் பையில் விட்டுக்கொண்டு மறு கையால் வேலை செய்வார்கள். சோம்பல் அல்ல! இரண்டு கையும் தொட்டால் மின்சாரம் நெஞ்சின் குறுக்கே போகும். பழைய 60 வாட் பல்பு ஒன்று எரியக் கால் ஆம்பியருக்குச் சற்று அதிகமான மின்சாரம் வேண்டும். அதில் பாதிகூட வேண்டாம், இதயத்தின் தாளத்தைக் குலைப்பதற்கு.

இந்தக் காலத்து ஹாம் கருவிகள் பெரும்பாலும் 12 அல்லது 13 வோல்ட்டில் ஓடுகின்றன. "அப்படியானால் பயமில்லையே!" என்று நிம்மதி அடையாதீர்கள். கார் பாட்டரி ஷாக் அடிக்காது. ஆனால் அதன் இரு முனைகளுக்கும் நடுவே உங்கள் வளையலோ மோதிரமோ பட்டுவிட்டால், தங்கம் கண்ணிமைக்கும் நேரத்தில் பழுக்கக் காய்ந்துவிடும். விரல் மோதிரத்துக்குள்தானே இருக்கிறது? வேலை செய்யும் பெண் வளையல், மோதிரம், தொங்கும் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு உட்காரட்டும். பாட்டரி சார்ஜ் ஆகும் அறையில் ஜன்னல் திறந்திருக்கட்டும். ஊதுவத்தி, விளக்கு அருகில் வேண்டாம். அதிலிருந்து எழும் ஹைட்ரஜன் வாயு தீப்பற்றக்கூடியது.

கடைசிக் கேள்வி: அந்த அலை?

இப்போது அலைக்கு வருவோம். வானொலி அலை எக்ஸ்ரே போன்றது அல்ல. உடம்பின் அணுக்களைச் சிதைக்கும் சக்தி அதற்கு இல்லை. ஆனால் சூடாக்கும். 1945-இல் பெர்ஸி ஸ்பென்ஸர் என்ற அமெரிக்கர் ரேடார் குழல் அருகே நின்றபோது பையிலிருந்த மிட்டாய் உருகியது என்றும், அதிலிருந்தே மைக்ரோவேவ் அடுப்பு பிறந்தது என்றும் சொல்வார்கள்.

ஆகையால் பயப்பட வேண்டாம். மரியாதை கொடுத்தால் போதும். ஏரியலிலிருந்து விலக விலக அலையின் வலிமை விரைவாகக் குறையும். தூரம் இரட்டித்தால் வலிமை ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. ஏரியல் உயரத்தில், ஆள் நடமாட்டத்துக்கு எட்டாமல் இருக்கட்டும். பேசிக்கொண்டிருக்கும்போது ஏரியலை, முக்கியமாக அதன் முனையை, தொட்டால் தோல் வெந்துவிடும். அருகில் இருக்கும் இரும்புக் கொடிக்கம்பியும் சுடக்கூடும். ஆகவே துணிக் கொடியும் வடாம் பாயும் ஒரு பக்கம், ஏரியல் மறுபக்கம். மாடியில் ஆள் இருக்கிறார் என்றால் கீழே பேச்சை நிறுத்த வேண்டும். வீட்டில் யாருக்காவது நெஞ்சில் பேஸ்மேக்கர் இருந்தால் டாக்டரைக் கேட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள்.

சாவி யாரிடம்?

பெரிய ஒலிபரப்பு நிலையங்களில் இதற்கெல்லாம் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். மத்திய அலை ஒலிபரப்பும் பல கோபுரங்கள் பீங்கான் அடித்தளத்தின் மேல் நிற்கும். கோபுரம் முழுவதுமே ஏரியல்! அதனால் சுற்றிலும் வேலி, பூட்டு. கருவி அலமாரியின் கதவைத் திறந்தால் மின்சாரம் தானே நின்றுவிடும். ஆள் கோபுரத்தில் ஏறும்போது ஸ்விட்சைப் பூட்டி, சாவியை ஏறுகிறவர் தம்மிடமே வைத்துக்கொள்வார். தெரியாமல் இன்னொருவர் ஸ்விட்சைப் போட்டுவிட முடியாது.

வீட்டில் அந்தக் கட்டுப்பாட்டை நடத்த உங்களைவிடச் சிறந்தவர் யார்? பாட்டி காலத்தில் சாவிக்கொத்து இடுப்பில் தொங்கும். வீட்டில் எது திறக்கும், எது மூடும் என்பது அவள் கையில். அந்த அதிகாரத்தை மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள். வானொலி மேஜை முழுவதற்கும் ஒரே ஸ்விட்ச், சிவப்பு நிறத்தில், கதவருகில் இருக்கட்டும். அது எங்கே என்பது வேலைக்கு வரும் அம்மாளுக்கும் தெரியட்டும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஸ்விட்ச் வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் மேல் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு தடவை அழுத்துங்கள். யாராவது மாடிக்கு ஏறினால் ஸ்விட்சை அணைத்து, "ஆள் மேலே இருக்கிறார்" என்று ஓர் அட்டையைத் தொங்கவிடுங்கள். அட்டையை எடுக்க இருவருக்குத்தான் உரிமை, ஏறியவருக்கும் உங்களுக்கும்.

இத்தனைக்கும் மேல் விபரீதம் நடந்துவிட்டால்? ஓடிப் போய்த் தொடாதீர்கள். முதலில் சிவப்பு ஸ்விட்ச், அல்லது மெயின் ஸ்விட்ச். அணைக்கவே முடியாவிட்டால், வீட்டு மின்சாரமாக இருந்தால் மட்டும், உலர்ந்த பலகைமேல் நின்று உலர்ந்த கட்டையால் தள்ளுங்கள். தெருக் கம்பி என்றால் அருகிலேயே போகாதீர்கள், மற்றவர்களையும் நிறுத்துங்கள், மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். மின்சாரம் நின்ற பிறகு, மூச்சில்லாமல் கிடந்தால், மார்பின் நடுவில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, சுமார் 5 சென்டிமீட்டர் ஆழம் அழுத்துங்கள். உதவி வரும்வரை நிறுத்தாதீர்கள். இதை ஒரு நாள் முறையாகக் கற்றுக்கொண்டு வருவது, எந்த வீட்டுக்கும் நல்லது.

அடுத்த தடவை உங்கள் வீட்டுப் பெண் "ஏரியல் கட்டட்டுமா?" என்று கேட்டால், "கட்டு, நானும் வருகிறேன்!" என்று சொல்லிவிட்டு, அவளோடு மாடிக்குப் போய் முதலில் மின்கம்பி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். அவள் ஏறும்போது ஏணியைப் பிடித்துக்கொள்ளுங்கள். சாவி உங்கள் இடுப்பில் இருக்கட்டும்.